குளோரியா வாசித்த கன்றுக்குட்டி

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, காலை ஆறரை மணித் தமிழ்ப் பூசை. குளோரியா டீச்சர் முதல் வாசகத்தைத் தொடங்கி அரை நிமிடம் ஆகியிருக்கும். கோயிலுக்குள் தாள்கள் சலசலத்தன. எல்லோர் கையிலும் இருந்த வாசகத் தாளில் பாலைவனத்து மக்களைப் பாம்பு கடிக்கிறது. டீச்சரோ பொன் கன்றுக்குட்டியைப் பற்றி, ஒரு சொல் பிசகாமல், கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தார். விரல் புத்தகத்தின் வரிகள்மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

ஃபாதர் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பாம்புப் பக்கம்தான் திறந்திருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

குளோரியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் பெங்களூரில்தான். படித்தது கன்னடமும் ஆங்கிலமும். லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளியில் கன்னட ஆசிரியை. வீட்டில் பேச்சு தமிழ், எழுத்து தெரியாது. கல்யாணமான புதிதில், புகுந்த வீட்டுக்காரர்களின் கோயிலில் அவரை வாசிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லக் கூச்சம். கணவர் தியோடர் உரக்கப் படித்துக் காட்ட, அதை மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னார். "என்ன தமிழு! தஞ்சாவூரா உங்களுக்கு?" என்று கேட்டவர்களிடம் இல்லை என்று சொல்லவில்லை. அதன்பின் எழுத்துக் கற்றுக்கொள்வதென்றால் ஒளிந்து கற்க வேண்டும். ஒருமுறை குழந்தைகளின் அரிச்சுவடி வாங்கினார். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பீரோவுக்கு அடியில் தள்ளியதோடு சரி.

இருபத்திரண்டு வருடம் அப்படியே போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் தியோடர் பழைய வாசகப் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பார்; இவர் முன்பு டேப்பிலும் பிறகு போனிலும் பதிவு செய்துகொண்டு, சமைக்கும்போதும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு நெட்டுருப் போடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை திருச்சிலுவை விழா வந்ததால் வழக்கமான வாசகம் மாறியிருந்தது. தியோடர் அதைக் கவனிக்கவில்லை.

பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் கேத்தரின் பிடித்துக்கொண்டார். வாசிப்பவர்களின் பட்டியல் போடுபவர், நெருங்கிய தோழி.

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல, நல்லாதான் இருக்கேன்."

"அப்போ புக்குல இல்லாதத எங்கேருந்து படிச்ச?"

"அவளுக்குக் கண்ணாடி மாத்தணும்," என்று தியோடர் நடுவில் புகுந்தார்.

"கண்ணாடியாவது ஒண்ணாவது," என்றார் சின்னப்பா. தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். "டீச்சரம்மா மேல பரிசுத்த ஆவி எறங்கிட்டாரு."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் நிஜமாகவே குளோரியாவைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது," என்றார்.

கேத்தரினின் முகம் வெளிறிவிட்டது.

"இத்தன வருஷமா?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே. கொயர்ல பாதி பேரு இங்கிலீஷ் எழுத்துல எழுதிவெச்சுதான் பாடுது. நீ கன்னடத்துல எழுதிட்டு வந்தா யாரு வேணாம்னிருப்பா?"

குளோரியா திகைத்துப் போனார். அந்தத் தாள்களை வாராவாரம் பார்த்திருக்கிறார். தனக்கும் அது ஆகும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"மொத நாளே தஞ்சாவூரான்னு கேட்டுட்டீங்க. அப்புறம் எப்படி பேப்பரோட வர்றது?"

"அது போகட்டும்," கேத்தரினின் குரல் இறங்கியது. "வெரல் வெச்சியே குளோரியா. வரி வரியா. கண்ணு கூட நகந்துச்சு. மொத பெஞ்சுல உக்காந்து நான் பாத்திருக்கேன்."

குளோரியா விரலை மடக்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தியோடர், "தப்பு என்னுது குளோ. விழாவப் பாக்கல," என்றார்.

"நீங்க சரியா பாத்திருந்தா இன்னும் இருவது வருஷம் போயிருக்கும்."

அடுத்த முறை கன்னட எழுத்தில் எழுதிய தாளைக் கையில் வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினார். மனப்பாடம் செய்யவில்லை. அந்த எழுத்தைப் பார்த்ததும் நாக்கு வகுப்பறைக்குப் போய்விட்டது. தமிழ் கன்னடப் பாடம் போல இழுத்து இழுத்து வந்தது. இரண்டு இடத்தில் நின்றது. கூட்டம் நெளிந்தது.

"இது நம்ம டீச்சரம்மா மாதிரியே இல்ல," என்றார் சின்னப்பா வெளியே வந்ததும். "பழையபடி ஒப்பிக்கச் சொல்லுங்க. அதுதான் நெஜமா இருந்துச்சு."

புதன்கிழமை கேத்தரின் போன் செய்தார்.

"பேப்பர் வேணாம் குளோரியா. மனப்பாடமாவே சொல்லிடு. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, இனிமே ஒளிக்க என்ன இருக்கு?"

"பேப்பரோடதான் வருவேன். வேணாம்னா என் பேர அடிச்சுடு."

அந்தப் பக்கம் பட்டியல் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டாம் வாசகத்துக்குப் போடறேன்," என்றார் கேத்தரின். "அது சின்னது."