தூங்கக் கூடாத ஒன்று

பச்சை நிறத்தில் இருபத்தெட்டு. எங்கள் கோழிப்பண்ணை அலுவலகத்துச் சுவர்த்திரையில் மூன்றாவது ஷெட்டுக்கு நேராக அன்று மதியம் நின்றிருந்த எண் அது. இருபத்தெட்டு டிகிரி என்றால் உள்ளே கோழிகள் சுகமாக இருக்கின்றன என்று பொருள். வெளியே நாமக்கல் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. முட்டை லாரிகளுக்குச் சீட்டுப் போட்டபடியே நான் அடிக்கடி நிமிர்ந்து பார்த்தேன். எண் அசையவே இல்லை. அசையாமல் இருந்தால் நல்லது என்றுதான் எங்களுக்கெல்லாம் பழக்கம்.

அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களையும் கேமராக்களையும் பார்த்துக்கொண்டவரை நாங்கள் சிஸ்டம் அக்கா என்போம். சேலத்துக்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்த டிவிகளைப் பார்த்து, "இதெல்லாம் யாருக்குங்க ஓடுது?" என்று முதலாளியிடம் கேட்டார். "நாலு பேரு வந்தா பாக்கறதுக்குங்கம்மா" என்றார் முதலாளி. அந்த நாலு பேர் மாதத்தில் ஒரு நாள் வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் கோழிகள் தீனி தின்பதை நாற்காலிகள்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அக்காவுக்கு வீண் என்றால் ஆகாது. ஒரே வீடியோ மூன்று இடத்தில் சேர்ந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார். தேவையில்லாததை அழித்தார். பழசாகிவிட்டது என்று மூலையில் போட்டிருந்த கம்ப்யூட்டர்களைத் திறந்து, தூசி தட்டி, ஒரு சின்னப் பாகத்தை மட்டும் மாற்றி மறுபடியும் மேசைக்குக் கொண்டுவந்தார். கேமராப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் மெஷின் அறையில் ஏசியை எவ்வளவு வைத்திருந்தார்கள் என்றால், பங்குனியில் அங்கே போகிறவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு போவார்கள். கரண்ட் போனால் அந்தக் குளிருக்காக வெளியே ஜெனரேட்டர் டீசல் குடித்துக் கரும்புகை கக்கும். அதையும் குறைத்தார். 'கரண்ட் ஆபீஸுக்கு வாக்கப்பட்டிருக்க வேண்டிய ஆளு' என்று நாங்கள் கேலி செய்வோம். சிரித்துக்கொள்வார். "நாம இங்க சும்மா ஒரு டிவிய ஓட உட்டா அந்தக் கரண்டுக்கு எங்கியோ கரி எரியுது சாமி. அந்தச் சூடு சுத்தி நம்ம ஷெட்டுக்குத்தான் வரும்" என்பார். அப்போது அது எனக்குப் பிரசங்கமாகத்தான் பட்டது.

ஒரே ஒரு கருவியை மட்டும் அவர் தொடவிடவில்லை. எங்கள் ஷெட்டுகள் நாலு பக்கமும் மூடியவை. ஒரு முனையில் காற்றைக் குளிர்விக்கத் தண்ணீர் ஒழுகும் ஈரத் தட்டி, மறுமுனையில் ஆள் உயர மின்விசிறிகள். விசிறி நின்றால் உள்ளே காற்று கிடையாது. சூடு ஏறினால் உடனே எல்லோருடைய போனையும் அலறவைக்க ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. "மத்ததெல்லாம் தூங்கட்டும், இது ஒண்ணு முழிச்சிருக்கட்டும். மத்ததோட சத்தம் அடங்குனாத்தான் இது கத்துறது நம்ம காதுல உழும்" என்று எங்களிடம் சொல்லியிருந்தார்.

வினை புகழாக வந்தது. மின்சாரம் மிச்சமானதும் முதலாளிக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. வாசலில் 'பசுமை அலுவலகம்' என்று பலகை வைத்தார். முட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட இன்னும் ஏதாவது குறைக்க வேண்டும். அந்தப் பெட்டிகளையும் தூங்கவைத்து, மணிக்கொரு முறை எழுந்து கணக்குச் சொல்லும்படி செய்யலாம் என்றார். அக்காவின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். "அது தின்கிற கரண்டு நைட் லேம்ப்பு அளவுகூட இல்லைங்க. அதை மட்டும் தொடாதீங்க." முதலாளி, "செரிங்கம்மா, செரிங்கம்மா" என்றார். அவர் ஒரு சொல்லை இரண்டு முறை சொன்னால் செய்யமாட்டார் என்பது பண்ணைக்கே தெரியும். அக்காவுக்குத் தெரியவில்லை.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு அக்கா லீவு. மதியம் முழுக்க மாதா கோயிலில் இருப்பேன், போன் அணைந்திருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். முதலாளி வியாழன் மாலையே பெட்டி விற்ற கம்பெனிக்குப் பேசி, அவர்கள் ஊரில் இருந்தபடியே அதை மாற்றவைத்துவிட்டார். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெள்ளி மதியம் கரண்ட் போனது. அலுவலகத்திலும் மற்ற ஷெட்டுகளிலும் ஜெனரேட்டர் தானாக எழுந்தது; மூன்றாவது ஷெட்டில் மட்டும் எழவில்லை. பெட்டி அடுத்த மணிக் கணக்குவரை தூங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போவதற்கு முன் கடைசியாகச் சொன்ன இருபத்தெட்டையே திரை பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஷெட் சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்து, "போச்சுங்க, எல்லாம் போச்சுங்க" என்றபோதும் என் கண் முதலில் போனது திரைக்குத்தான். நாங்கள் ஓடினோம். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டைவிட அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள இடத்தில் ஒரு சிறகடிப்புச் சத்தம் இல்லை. கூண்டுக் கம்பிகளுக்கு வெளியே கழுத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் அக்கா வந்தார். குழி தோண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் முதலாளி, "உங்க பசுமைதானுங்கம்மா கொன்னுபோடுச்சு" என்றார். மாற்றியது யார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பி, "பொட்டிய பழையபடி மாத்திட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். மாற்றியாயிற்று என்றேன். தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பழி அவரோடு பஸ் ஏறிப் போனது.

முதலாளி அன்றே எல்லாவற்றையும் முழிக்கவைத்தார். டிவிகள், ஏசி, புதிதாக இன்னும் கேமராக்கள். எதையும் அணைக்கக் கூடாது என்று உத்தரவு. இப்போது தண்ணீர்த் தொட்டி குறைந்தாலும் போனுக்குச் செய்தி, கேட் திறந்தாலும் செய்தி, நாய் குறுக்கே ஓடினாலும் செய்தி. ஷெட்டுகளும் கூடிவிட்டன, வெயிலும் ஒவ்வொரு வருஷமும் கூடுகிறது. அலுவலகமும் ஷெட்டுகளும் ஒரே டிரான்ஸ்பார்மரில் தொங்குகின்றன. இனி தாங்காது என்று லைன்மேன் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று மதியம் நான்காவது ஷெட்டின் விசிறிகள் தடுமாறி நின்று மறுபடி சுற்றுவதை என் காதால் கேட்டேன். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பெட்டி செய்தி அனுப்பியிருக்குமே, பார்த்தீர்களா என்றும் கேட்டேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். சத்தத்தை எப்போதோ அடக்கிவைத்திருந்தார். திரை முழுக்கப் படிக்காத செய்திகள். "அதுபாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்குது சாமி, எதைன்னு பாக்கறது?" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தலைக்கு மேலே டியூப்லைட் அணைந்தது. சுவரில் டிவிகள் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன.