குதிகாலைப் பார்த்துப் படித்த கால்வாய்

எங்கள் பெரியப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சரக்குப் படகு ஓட்டிய காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கேட்பவர் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார். படகுகள் நின்றுபோய், நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற பிறகும் தெருவில் அவருக்குப் பெயர் ‘சுக்கான்’தான். பெரியம்மா நேர்மாறு. முன்னறையில் தையல் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்துக்குச் சட்டையும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொடுப்பார். பெரியப்பா பேசும்போதெல்லாம் அவர் வாயில் இரண்டு குண்டூசி இருக்கும். “அதனாலதான் எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல” என்பார் பெரியப்பா.

நான் வேலை பார்க்கும் நூலகம் கால்வாயை ஒட்டி இருக்கிறது. போன வருஷம், கரையில் மக்கிக்கொண்டிருந்த பழைய சரக்குப் படகு ஒன்றைச் சரிசெய்து துறையில் கட்டினோம். மூட்டை அடுக்கும் இடத்தில் பெஞ்சு போட்டு, மாதம் ஒரு மாலை பழைய படகுக்காரர்களை வரவழைத்துப் பேசச் சொன்னோம். பெரியப்பாவுக்குச் சொல்லவா வேண்டும்! முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பெரியம்மா. எதிரே என் அப்பா. அப்பா பெரியப்பாவின் தம்பி. அந்தக் காலத்தில் பெரியப்பா ஓட்டிய படகிலேயே எஞ்சின் பார்த்தவர்.

பெரியப்பா தன் வழக்கமான கதையை எடுத்தார். கல்யாணமான இரண்டாம் வருஷம், படகு நிறையக் கூரை ஓடு ஏற்றிக்கொண்டு போகும்போது பாதி வழியில் அவருக்குக் கடும் காய்ச்சல். நினைவே இல்லை.

“கண்ணு முழிச்சுப் பார்த்தா, ஊரு வந்திருக்கு! சரக்கு இறங்கிட்டிருக்கு. ஒரு ஓடு உடையல. யாரு கொண்டுவந்தது? இதோ உக்காந்திருக்கானே, என் தம்பி! அப்போ இவனுக்கு மீசைகூட சரியா முளைக்கல!”

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா டீ டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இந்தக் கதை வரும்போதெல்லாம் அவர் இப்படித்தான் நெளிவார். கூச்சம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

பின்பெஞ்சில் இருந்த ஒரு டீச்சர் பெரியம்மாவைப் பார்த்து, “நீங்களும் படகுலதானேம்மா இருந்தீங்க? உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?” என்று கேட்டார்.

பெரியப்பா முந்திக்கொண்டார். “அவளுக்கென்ன, ராணி மாதிரி உள்ள உக்காந்து வேடிக்கை பார்த்துட்டே வந்தா. படகுன்னா அவளுக்கு உசிரு.”

“இல்லீங்க” என்றார் பெரியம்மா.

“என்ன இல்ல?”

“முதல் வருஷம் எனக்குப் படகே பிடிக்கல. உள்ள நாம குடியிருந்த அந்தச் சின்ன அறையில நிமிர்ந்து நின்னா தலை இடிக்கும். கையை நீட்டினா ரெண்டு பக்கமும் சுவரு. அடுப்பு பத்தவச்சுட்டு அழுவேன். நீங்க புகைன்னு நினைச்சுக்குவீங்க.”

பெரியம்மா மடியைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

“அடுப்புக்கு மேல ஒரு சின்ன ஜன்னல். இவரு பின்னால நின்னு சுக்கான் பிடிப்பாருல்ல, அதுல இவரு கால் மட்டும் தெரியும். பேச வேற ஆளில்ல, நாள்பூரா அந்தக் காலைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன். வலது குதிகால் எழும்பினா வளைவு. காலை அகட்டி ஊனினா எதிர்ல ஏதோ படகு வருது. கட்டைவிரல் தாளம் போட்டா நேர் வழி. அப்பப்ப தலையை வெளிய நீட்டி, சரியான்னு பார்த்துக்குவேன். அப்படியே கால்வாய் மொத்தமும் மனசுல பதிஞ்சிருச்சு.”

அப்பா சட்டென்று டம்ளரைக் கீழே வைத்தார். “அண்ணி, இதுக்கு மேல என்னால முடியாது. நான் சொல்லிடறேன்.”

பெரியம்மா தலையசைத்தார்.

“எனக்கு அப்பவே தூரத்துல இருக்கறது சரியாத் தெரியாது” என்றார் அப்பா. “படகுக் கம்பெனிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு அண்ணன்கிட்டகூட மூச்சு விடல. வழியில டாக்டர் கிடையாது, ஊர் போனாதான் உண்டு. நான் சுக்கான் பிடிச்சிருந்தா ஓட்டோட ஓடா எல்லாரும் தண்ணிக்குள்ள போயிருப்போம். அண்ணிதான் அண்ணனோட கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கிட்டுப் பின்னால போய் நின்னாங்க.”

கோட்டு எதற்கென்றால், பெண்கள் சுக்கானைத் தொடக்கூடாது என்பது கம்பெனி உத்தரவு. யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் படகே கைவிட்டுப் போயிருக்கும்.

வழியில் ஒரு மதகு. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீர் ஏறிப் படகு மேல்மட்டத்துக்கு வரும்வரை அங்கேயே நிற்கவேண்டும். மதகுக்காரர் பெரியப்பாவின் சிநேகிதர். கரையில் நின்று, “என்னண்ணே, இன்னிக்கு வாயே திறக்கல? உலகம் தாங்குமா?” என்று கேட்டிருக்கிறார். “தொண்டை கட்டிக்கிச்சு” என்று எஞ்சின் பக்கமிருந்து அப்பா கத்தினாராம். மதகுக்காரர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறந்து படகு நகரும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: “சுடுதண்ணி குடிம்மா, சரியாயிடும்.”

அந்த ‘ம்மா’வைக் கேட்டதும் பெரியம்மாவுக்குச் சுக்கானே கைநழுவப் பார்த்ததாம். ஆனால் அந்த மனிதர் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

பெரியப்பா வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறந்திருந்தும் சத்தம் வராததை அன்றுதான் பார்த்தேன். கடைசியில், “என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார்.

“சொல்லியிருந்தா அடுத்த துறையிலயே தண்டோரா போட்டிருப்பீங்க.”

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. “கம்பெனியை இழுத்து மூடினப்புறமாவது?”

“தம்பியைப் பத்தி அவ்வளவு பெருமையா பேசிட்டிருந்தீங்க. நடுவுல எப்படிப் புகுந்து சொல்றது?”

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பெரியப்பா பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. மறுநாள் வேலைக்குப் போகுமுன் எட்டிப்பார்த்தேன். பெரியப்பா குண்டூசி டப்பாவை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு, மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“தாழ்வான பாலத்துல என்ன பண்ணே?”

“குனிஞ்சுக்கிட்டேன்.”

“நான் உளறினேனா?”

“உங்க அம்மாவைக் கூப்பிட்டீங்க. நான்தான் ‘ம்’ போட்டேன்.”

“ஒரு வருஷமா உள்ள உக்காந்து அழுதிருக்கே. எனக்குத் தெரியவே இல்லையேடி” என்றார். “தெரிஞ்சிருந்தா மேல கூப்பிட்டிருப்பேன்.”

“நானே வந்துட்டேனே” என்றார் பெரியம்மா. “மேல வந்து நின்னப்போ, அடேயப்பா, இவ்வளவு வானமான்னு இருந்துச்சு. அன்னிக்குத்தான் படகு பிடிச்சுது.”

வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் சத்தம் போடாமல் படியிறங்கினேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பெரியப்பா எழுந்து நின்று அந்தக் கதையைச் சொன்னார். கோட்டு, தொப்பி, மதகு எல்லாம் கண்ணால் பார்த்தவர் மாதிரி. “வானம் இருட்டிக்கிட்டு வருது, பேய் மழை, இவ சுக்கானை இப்படிப் பிடிச்சுக்கிட்டு…”

“மழையே இல்லீங்க. பளிச்சுன்னு வெயில்.”

பெரியப்பா நிறுத்தினார். “கொஞ்சம் தூறலாவது?”

பெரியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். “சரி, தூறல் இருக்கட்டும்” என்றார்.