துரைக்குக் கொடுத்த உவர்த் தேத்தண்ணீர்

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். தலைமன்னார்க் கரையில், மீன்பிடிக் குடும்பங்கள் மட்டும் இருந்த ஒரு சின்னக் குறிச்சிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து, முதல் பிள்ளையும் பிறந்து தவழத் தொடங்கியிருந்தாள்.

குடிதண்ணீருக்கு எங்களுக்கு இருந்தது மணலில் குழியாகத் தோண்டிய ஒரு துரவு மட்டும்தான். ஆடு மாடும் அதில்தான், நாங்களும் அதில்தான். மழை ஓய்ந்ததும் உப்புக் கரிக்கத் தொடங்கும். கோடையில் பச்சை படிந்து நாறும். தாய்ப்பால் மறந்து அந்தத் தண்ணீருக்கு வருகிற பிள்ளைகள் வயிற்றோட்டம் பிடித்து வாடிவிடுவார்கள். என் புருஷனின் தங்கையான மச்சாளின் மகனை அப்படித்தான் மண்ணுக்குக் கொடுத்தோம். என் மகளுக்குப் பால் நிறுத்தும் காலம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

ரயில் பாதைக்கு அப்பால் இருந்த மணல்மேட்டின் அடியில் நல்ல தண்ணீர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அரசாங்கக் காணி. தோண்டினாலும் மணல் சரிந்து மூடிவிடும், கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்ட வேண்டும். அதற்குக் கடல் தொழில் செய்கிறவர்களிடம் காசு ஏது? அதனால் ஊர்த் தலைவரான விதானையார் மூலம் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு மனுப் போட்டோம். ஒரு துரை வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு இன்னொருவர் வந்தார். இரண்டு தரமும் ஒரே பதில்: அங்கே தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, பணம் ஒதுக்கத் தேவையில்லை. எந்தப் பாவி கோள் மூட்டினானோ என்று ஊரே தலையைப் பிய்த்துக்கொண்டது.

மூன்றாவதாக ஒரு புதுத் துரை வருகிறார் என்று விதானையார் சொல்லிவிட்டுப் போனதும், என் புருஷனின் தாயான மாமி என்னிடம் பித்தளைக் குடத்தை நீட்டினார். எங்கள் குறிச்சியில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது விருந்தாளி வந்தால் துரவுத் தண்ணீரைக் கொடுக்க மாட்டார்கள். இரண்டு கட்டை தூரம் நடந்து, முஸ்லிம் ஆட்கள் இருக்கிற பக்கத்து ஊரின் பள்ளிவாசல் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளி வந்துதான் கொடுப்பார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கும் அதே, சுவாமியாருக்கும் அதே. உவர்த்தண்ணி கொடுத்த வீடு என்று பெயர் வாங்கினால் பெண்களுக்குத் தலை நிமிர முடியாது.

கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் என் குடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன தங்கச்சி, உங்கட ஊருக்குத் திரும்பவும் துரை வாறாரோ? எங்கட தண்ணியக் குடிச்சிட்டு, உங்கட தண்ணி நல்லமெண்டு எழுதிப்போட்டுப் போகட்டும்."

பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கோ கையில் இருந்த கயிறு நழுவிவிட்டது. கோள் மூட்டியது யாரும் இல்லை, நாங்களேதான்! வந்தவர்களுக்கெல்லாம் இனிக்கிற தண்ணீரைக் கொடுத்துவிட்டு, எங்கள் தண்ணீர் கெட்டது என்று அழுதால் எவன் நம்புவான்?

வீட்டுக்கு வந்து அந்தக் குடத்துத் தண்ணீரை ஆற அமர என் மகளுக்குக் கொடுத்தேன். அவள் குடித்த குடியைப் பார்த்த பிறகு, துரைக்குத் துரவுத் தண்ணீர்தான் என்று முடிவெடுத்தேன்; மாமிக்குக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கோயிலடியில் கதிரை போட்டுத் துரையை இருத்தினார்கள். பக்கத்தில் மொழிபெயர்க்கிற முதலியார். நான் துரவுத் தண்ணீரில் தேயிலை போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோய் இருவருக்கும் கொடுத்தேன்.

துரை ஒரு மிடறு குடித்தார். முகம் கோணிப்போயிற்று. முதலியாரோ எழுந்து ஓடிப்போய்க் கோயிலுக்குப் பின்னால் துப்பிவிட்டு வந்தார். விதானையாருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"எடி பிள்ளை, ஊரின்ர மானத்த வாங்கவோ நிக்கிறாய்?"

"ஐயா, கோவிக்காதையுங்கோ. இதுதான் நாங்கள் ஒவ்வொரு நாளும் குடிக்கிற தண்ணி. முந்தி வந்தவைக்கு நாங்கள் குடுத்தது எங்கட தண்ணியில்ல, பள்ளிவாசல் கிணத்துத் தண்ணி."

முதலியார் அதை மொழிபெயர்த்தாரா, அல்லது என்னைத் திட்டினாரா, எனக்குத் தெரியாது. அப்போதுதான் மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அடிதான் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், மாமி துரையின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டிருந்தார். மிச்சத் தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"என்ர பேரனைக் கொண்டுபோனது இந்தத் தண்ணிதான். துரைக்குச் சொல்லுங்கோ."

என் மாமி அப்படி ஆண்கள் கூட்டத்தில் வாய் திறந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. இம்முறை முதலியார் ஒரு சொல்லும் விடாமல் சொன்னார் என்று நினைக்கிறேன். துரை எழுந்து துரவடிக்கு நடந்தார். எட்டிப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார். பிறகு நேரே மணல்மேட்டுக்குப் போய், தொப்பியைக் கழற்றிவிட்டு, எங்கே தோண்ட வேண்டும் என்று கேட்டார்.

அந்த மாரி மழைக்கு முன்பே கச்சேரிப் பணம் வந்தது. எங்கள் ஆம்பிளைகள் தோண்டினார்கள், பள்ளிவாசல் ஊரிலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். வட்டமாகக் கல் கட்டி, மேலே மூடி போட்டு, கைப்பம்பும் பூட்டினார்கள். முதல் தண்ணீர் பீறிட்டு வந்தபோது பெண்கள் போட்ட சத்தம் இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும். நானும் மச்சாளும் கட்டிப்பிடித்து அழுதோம், சிரித்தோம், நனைந்தோம்.

கிணற்றுத் திறப்பு விழாவுக்கு அதே துரை வந்தார். மாமி, "நீயே குடு" என்று கோப்பையை என் கையில் தந்தார். துரை கோப்பையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு வாய் வைத்துப் பார்த்தவர் முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டார்.

என் மகள் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தாள். இன்று அவளுக்கே பேரப்பிள்ளைகள் உண்டு. இப்போதும் யாராவது உதவி செய்ய வந்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்லை" என்று சொல்ல நாக்கு முந்திக்கொண்டு வரும். அப்போதெல்லாம் அந்த உவர்த் தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்த மாமியை நினைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.