ஒரே லாரியில் வந்த கூரை

என் தம்பி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவன். எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே அது எத்தனை நாளாகச் சூடேறி வந்தது என்று சொல்லிவிடுவான். குடும்பத்தில் அவனுக்கு 'எனக்கும்' என்று பெயர். அண்ணனுக்குச் செருப்பு வாங்கினால் எனக்கும். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து ரொட்டி கிடைத்தால் அதுவும் எனக்கும்.

ஐம்பத்திரண்டு வயதிலும் அது அவனை விட்டபாடில்லை. அப்பா காலமான பிறகு முன்கட்டு அண்ணனுக்கும் பின்கட்டு தம்பிக்கும் பாகமாயின. இரண்டுக்கும் மேலே சாம்பல் நிறச் சிமெண்ட் ஷீட். "முன்னாடி நல்ல ஷீட்டா போட்டாங்க. பல வருஷம் கழிச்சு பின்னாடிக்கு ஏதோ மட்டமானதைப் போட்டு மூடினாங்க," என்று தம்பி சொல்லிச் சொல்லி அதைக் குடும்ப வரலாறாகவே ஆக்கிவிட்டான். அவனுடைய உண்மையான வயிற்றெரிச்சல் ஷீட்டைப் பற்றியது அல்ல. அம்மா முன்கட்டில் தங்கிவிட்டார். காலையில் அவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கும் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும். இருபது ஆண்டுகளாக அதைக் கேட்டுக்கொண்டேதான் தம்பி பல் துலக்கினான்.

சென்ற ஆண்டு மரக்கிளை முறிந்து விழுந்ததில் அம்மாவின் அறைக்கு மேலிருந்த ஷீட் பிளந்தது. பார்க்க வந்த பொறியாளர் அண்ணாந்து பார்த்தாரே தவிர, உடைந்த விளிம்பைத் தொடவில்லை.

"பழைய ஷீட்டு. ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். முழுசா இருக்கிறவரைக்கும் பெரிய தொல்லை இல்ல. உடைச்சாலோ துளைச்சாலோ வர்ற தூசிதான் நுரையீரலுக்கு ஆகாது. ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பறேன். பதில் வர்றவரைக்கும் இந்த அறையில யாரும் படுக்க வேணாம்."

அவர் படியிறங்குவதற்குள் தம்பி வந்து அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டான். "அம்மா என்கிட்ட இருக்கட்டும். என் ஷீட்டு வேற."

"அடேயப்பா, மட்டமான ஷீட்டுக்கு இன்னிக்குத்தான் மவுசு வந்திருக்கு," என்றாள் அண்ணி.

அடுத்த வாரம் நான் போனபோது தம்பி கடைக்குப் பாதி நேரம்தான் போய்க்கொண்டிருந்தான். காலைச் செய்தித்தாள் இப்போது சுவருக்கு இந்தப் பக்கம். வாசல்வரை என்னை வழியனுப்ப வந்தவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அது ஆஸ்பெஸ்டாஸ்தான்னு வந்துட்டா அம்மா இங்கேயே இருந்துடுவாங்கல்ல?"

"அண்ணன் வீட்டுக்குக் கேடு வரணும்னு வேண்டிக்கிறியாடா?"

"கேடெல்லாம் வேணாம். ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் இருந்தா போதும்."

துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிய பத்தொன்பதாம் நாள், கூரை எந்த ஆண்டில் போடப்பட்டது என்று பொறியாளர் கேட்டனுப்பினார். வீட்டின் பழைய தாள்கள் என்னிடம் இருப்பதால் தேடினேன். அப்பாவின் குறிப்பேட்டில் தேதியுடன் இருந்தது: 'ஷீட் முப்பத்து நான்கு, ஒரே லாரியில். முன்னுக்குப் பதினேழு, பின்னுக்குப் பதினேழு. இன்றே ஏற்றி முடிந்தது. சின்னவன் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்துச் சரி என்றான்.'

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போனேன். வாசலிலேயே துளைக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்டது. அறை வெக்கையாக இருக்கிறது என்று முதல் நாள் அம்மா சொன்னாராம். தெர்மாகோல் பலகை தொங்கவிடக் கொக்கி மாட்டுவதற்காகத் தம்பி ஷீட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தான். ஏழு துளைகள் முடிந்திருந்தன. அவன் புருவத்திலும் அம்மாவின் தலையணையிலும் வெள்ளைத் தூள். நல்லவேளையாக அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார்.

"நிறுத்துடா. கீழ இறங்கு. வெளியில வந்து இதைப் படி."

வாசலில் நின்று இரண்டு முறை படித்தான்.

"நானா எண்ணினேன்?"

"உனக்கு அப்போ ஆறு வயசு."

"அப்போ அவனுக்கும் எனக்கும் ஒரே ஷீட்டா?"

வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த சமபங்கு கையில் கிடைத்த மனிதனின் முகமாக அது எனக்குத் தெரியவில்லை. வழக்கில் தோற்றவனின் முகமாகத்தான் இருந்தது.

"ஆய்வகத்துலேருந்து இன்னும் பதில் வரலையே. அதுவரைக்கும் அண்ணன்கிட்ட சொல்லாம..." என்று தொடங்கினான். திறந்திருந்த கதவு வழியே தலையணையைப் பார்த்தான். சொல்ல வந்ததை முடிக்காமல் பொறியாளருக்கு அவனே தொலைபேசினான்.

அவர் சொன்னபடியே செய்தான். துடைப்பத்தைத் தொடவில்லை. மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தி, தூளின் மேல் நீர் தெளித்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தான். துணி, தலையணை, விரிப்பு, தன் சட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைக்குள் இட்டு இறுகக் கட்டினான். குளித்து வந்ததும் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். எங்களுடையது கான்கிரீட் கூரை. அதை அவன் அண்ணாந்து பார்த்த விதத்தை நான் கவனிக்கத்தான் செய்தேன்.

முன்கட்டுத் துண்டுக்கும், பிறகு பொறியாளர் பின்கட்டிலிருந்து எடுத்தனுப்பிய துண்டுக்கும் ஆய்வகம் ஒரே பதிலையே அனுப்பியது: ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதற்கென்றே பழகிய ஆட்கள் வந்து ஷீட்டுகளை நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றத் தேதி குறித்தார்கள். அண்ணன் குடும்பம் மாமனார் வீட்டுக்குப் போயிற்று; தம்பி குடும்பம் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் ஒண்டிக்கொண்டது. நாள்தோறும் மாலையில் இருவரும் என் வீட்டுக் கூடத்தில் அம்மாவுக்கு இருபுறமும் வந்து உட்கார்ந்தார்கள்.

"புதுக் கூரை போட்டதும் அறையை உனக்கு வசதியா மாத்தித் தரேம்மா," என்றான் அண்ணன்.

"என் பக்கமும்தான் புதுசா போடறாங்க," என்றான் தம்பி.

"தலைக்கு மேல கூரையே இல்லாத ரெண்டு பேரும் என்னைப் பங்கு போடறீங்களே," என்றார் அம்மா.

அண்ணன் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை. "எங்க வருவேன்னு சொல்லும்மா," என்றான்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவன் வீட்டுல இருபது வருஷமா பேப்பர் படிச்சேன். என்ன செய்தின்னு ஒருத்தரும் கேட்டதில்ல. இவன் மோட்டாரைப் போட்டுட்டு வந்து, அப்புறம் என்னாச்சுன்னு கேக்கறான். சின்னவன்கிட்டயே போறேன்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் பாதி குடித்த தேநீரை வைத்துவிட்டு எழுந்தான். செருப்பை மாட்டும்போது தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஐம்பது ஆண்டுகளாகத் தம்பியின் கண்ணில் நான் கண்டுவந்த அதே பார்வை, இப்போது அண்ணனின் கண்ணில்.