நேசன் அண்ணையின் ரன்

கோப்பாயில் யார் மோசம் போனாலும், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வந்து மரண அறிவித்தல் சொல்பவர் நேசன் அண்ணைதான். போன செவ்வாய் வேறொரு குரல் வந்தது. தடக்கித் தடக்கி வாசிக்கிறானே என்று சிரிக்க வாய் திறந்தேன். அவன் வாசித்த பெயர் நேசன் அண்ணையுடையது.

எங்கள் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அங்கே வர்ணனையாளரும் அவர்தான். மேசைக்கு யார் துண்டுக் காகிதம் அனுப்பினாலும் எழுத்து மாறாமல் வாசிப்பார். தொலைந்த செருப்பு, பிள்ளையைத் தேடும் அம்மா, எல்லாம் அதில் வரும். இடையில் என் துண்டும் வரும்.

எங்கள் அணி ஓட்டமே எடுக்காமல் நின்ற ஒருநாள், "ரன் என்பவரைக் காணவில்லை. கண்டவர்கள் அணித்தலைவரிடம் ஒப்படைக்கவும்" என்று எழுதி அனுப்பினேன். தலைவர் என் சொந்தத் தமையன். நேசன் அண்ணை அதை மரண அறிவித்தல் குரலிலேயே வாசித்தார். பிறகு தன் பங்கைச் சேர்த்தார்.

"ரன் எண்டால் ஓட்டம் மட்டுமில்லை. இங்கிலீசிலை தண்ணி ஓடினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன். எங்கடை பெடியள் மூக்காலைதான் எடுக்கினம்."

தமையன் துடுப்போடு மேசைக்குப் போய், எழுதினது ஆர் என்று கேட்டானாம்.

"காத்து கொண்டுவந்தது, தம்பி."

அதிலிருந்து ஒவ்வொரு கிரிக்கெட் மச்சுக்கும் நான் ஒரு புது அர்த்தத்தில் ரன் அனுப்புவேன், அவர் ஒன்று திருப்பித் தருவார். நான் சாயம் போவதை அனுப்பினால் அவர் தேர்தலில் நிற்பதைத் தருவார். கடைசியாக, இந்தச் சொல் முதலில் காலுக்குப் பிறந்ததா, தண்ணிக்கா என்று கேட்டிருந்தேன்.

"உது விசாரிச்சுத்தான் சொல்லவேணும். மற்ற மச்சிலை சொல்லுறன், பிள்ளை."

எங்கள் ஊரில் பெண்களைத்தான் 'பிள்ளை' என்று கூப்பிடுவது; மைக்கில் அதைக் கேட்டதும் காற்று பெண் என்று ஊருக்கே விளங்கிவிட்டது. தமையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பள்ளிக்கூட அகராதியில் தேடினேன். பழைய ஆங்கிலத்திலேயே காலும் தண்ணீரும் அந்தச் சொல்லுக்குள் சேர்ந்துதான் ஓடியிருக்கின்றன. ஆனால் நான் காத்திருந்தது விடைக்கு இல்லை. அதை அவர் சொல்லவேண்டும், மைதானம் சிரிக்கவேண்டும், நான் ஒன்றும் தெரியாதவள்போல் கச்சான் கடலை கொறிக்கவேண்டும்.

அவர் போனபின் வந்த ஞாயிறு மச்சில் துண்டு அனுப்பினேன்: "நேசன் அண்ணை, இரண்டும் ஒண்டாத்தான் ஓடினதாம். நீங்கள் சொல்லுங்கோ."

மேசையில் இருந்த புதிய வர்ணனையாளர் பாதியில் நிறுத்தி, இதை எழுதினது ஆர் என்று மைக்கிலேயே கேட்டார். மேசைக்குப் பக்கத்தில் கால்காப்பு கட்டிக்கொண்டிருந்த தமையன் நிமிராமலே சொன்னான்.

"காத்து கொண்டுவந்தது. முழுக்க வாசியுங்கோ."

அவர் முதலிலிருந்து வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நேசன் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது காத்து என்ற அந்தப் பெயர்தான். இனியும் அந்தப் பெயரில்தான் அனுப்புவேன். பதில் சொல்ல ஆளில்லை என்பது என் காதுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை.