குளியல் தொட்டியில் ஒரு டெஞ்ச்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த கோடையில் அப்பா மீன் பிடிக்கத் தொடங்கினார். அதுவரை மீனோடு அவருக்கு இருந்த உறவெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு சரி. ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதிக் கடையில் வாங்கிவந்த மீனை அம்மா சிங்க்கில் போட்டுக் கழுவும்போதுகூட ஹாலுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்துகொள்வார். மென்பொருள் கம்பெனியில் வேலை. கீபோர்டில் பிஸ்கட் தூள் விழுந்தாலே முகம் சுளிப்பவர். அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, "வா, மீன் பிடிக்கப் போலாம்" என்றார். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். கார் டிக்கியைத் திறந்தால் உள்ளே தூண்டில், கைவலை, வாளி, ஒரு டின் மக்காச்சோளம் எல்லாம் இருந்தன.

எல்லாம் பக்கத்து வீட்டு மாமா கொடுத்தவை. அவர் ஃபிஜிக்காரர், எலக்ட்ரீஷியன். பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். 'தண்ணி', 'சோறு', 'வா' என்று நான்கைந்து தமிழ்ச் சொற்கள் அவரிடம் மிச்சமிருந்தன. மற்றதை ஆங்கிலத்தில் நிரப்பிக்கொள்வார். ஆக்லாந்தில் மீன் பிடிக்கிறவர்கள் எல்லோரும் கடலுக்குத்தானே போவார்கள், நாங்கள் மட்டும் ஏன் ஏரிக்குப் போகிறோம் என்று அவரிடம் கேட்டேன். கடலுக்குப் போனால் சீக்கிரமே மீன் கிடைத்துவிடும், உங்கள் அப்பாவுக்கு நேரம்தான் வேண்டும் என்றார். அது எனக்குப் பதிலாகவே தோன்றவில்லை.

பிளாக்ஹவுஸ் பேயில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து மேற்கே அரை மணி நேரம் போனால் மலையடிவாரத்தில் ஒரு பழைய நீர்த்தேக்கம் வரும். ஒரு காலத்தில் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்ததாம். இப்போது அதில் கறுப்பு அன்னங்களும் வாத்துகளும் குடியிருந்தன. கரையெல்லாம் கோரை. கோடையில் ஒன்பது மணிக்குத்தான் இருட்டும் என்பதால், ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தாலும் மூன்று மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். தூண்டில் முள்ளில் இரண்டு சோள மணியைக் குத்தி எறிந்துவிட்டு, தண்ணீரில் நிற்கும் சிவப்புத் தக்கையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவ்வளவுதான் வேலை.

பெரும்பாலும் கிடைத்தது ரட் என்ற சின்ன மீன். உள்ளங்கை நீளம், துடுப்பெல்லாம் செந்தூர நிறம். அப்பா அதை ஈரத் துண்டால் பிடித்து, பாதி கண்ணை மூடிக்கொண்டு முள்ளைக் கழற்றித் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். இதுதான் எனக்குப் புரியவில்லை. நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள். அம்மா வைக்கும் மீன் குழம்புக்காகவே தள்ளியிருக்கும் ஒனிஹங்காவிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள்.

"பிடிச்சிட்டு ஏன்ப்பா விடணும்?"

"இங்க அப்படித்தான்மா."

"அப்போ எதுக்குப் பிடிக்கணும்?"

"தக்கையப் பாரு."

அந்த நாட்களில் கேள்விகளையெல்லாம் அப்பாவிடம்தான் கொட்டவேண்டியிருந்தது. அம்மாவிடம் எதுவும் கேட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கட்டும் போடவில்லை. ஆனாலும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த பிறகு, மருந்துக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே இருந்தாள். உள்ளே போன சாப்பாட்டுத் தட்டு பெரும்பாலும் அப்படியே திரும்பி வரும். நான் போய் நின்றால் தலையைத் தடவுவாள். என்ன சொன்னாலும் "ம்" என்பாள். நான் வேண்டுமென்றே தப்பான விஷயங்களைச் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் யானை வந்தது என்றேன். அதற்கும் "ம்".

அந்த ஏரியில் டெஞ்ச் என்றொரு மீன் இருப்பதாக ஃபிஜி மாமா சொல்லியிருந்தார். சேற்றை மோந்துகொண்டு அடியிலேயே திரியுமாம். அது மேயும் இடத்தில் சோடாவைத் திறந்ததுபோல் பொடிப்பொடியாய்க் குமிழிகள் வருமாம். கண் சிவப்பாக இருக்குமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. சிவப்புக் கண்ணுக்கு உலகமும் சிவப்பாகத் தெரியுமா? சேற்றுக்குள் கண் எதற்கு? இரண்டு வாரம் போய்வந்தோம். குமிழிகளை ஏழெட்டு முறை பார்த்தோம். மீனைப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, அப்பாவின் போன் அடித்தது. மதுரையிலிருந்து பெரியம்மா. அப்பா தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டுக் கரை மேட்டில் ஏறி நின்று பேசினார். காற்று என் பக்கம் அடித்ததால் அரையும் குறையுமாகக் கேட்டது.

"இல்லக்கா, அனுப்பல... ஆறு மாசமெல்லாம் வேணாம்... அவளே கேட்டாளா? உங்ககிட்டயா கேட்டா?"

அம்மா எங்களை விட்டுவிட்டு ஆறு மாதம் ஊருக்குப் போகப்போகிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்பது மட்டும் புரியவில்லை. நான் சொன்ன யானைப் பொய்தான் காரணமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

அப்போது தக்கை அசைந்தது. ரட் கடித்தால் சடக்கென்று உள்ளே போகும். இது அப்படியில்லை. லேசாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, பிறகு யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல் பக்கவாட்டில் நகர்ந்தது. நான் தூண்டிலைத் தூக்கினேன். கனத்தது. வேரில் மாட்டிக்கொண்டதென்று நினைத்தபோது வேர் இழுத்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் நெற்றியைப் பிடித்தபடி நின்றார். கூப்பிடவில்லை. கழி வளைந்து வளைந்து என் தோளே வலித்தது. ஒருவழியாக அது கோரை ஓரம் வந்ததும், முட்டளவு தண்ணீரில் இறங்கி வலையை அடியில் கொடுத்துத் தூக்கினேன்.

என் முழங்கை நீளம் இருக்கும். எண்ணெய் தடவிய பித்தளைபோல ஒரு பச்சை. வெண்டைக்காயை நறுக்கிய கைபோல உடம்பெல்லாம் வழவழப்பு. துடுப்புகள் மழுங்கின அகப்பை மாதிரி. வாயின் இரு ஓரங்களிலும் குட்டியாக ஒவ்வொரு மீசை. கண் உண்மையாகவே சிவப்பு, மாதுளை முத்து அளவு. அது என்னைப் பார்த்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

முள் லேசாகத்தான் தைத்திருந்தது, எளிதில் வந்துவிட்டது. வாளியில் தண்ணீர் மொண்டு அதைப் போட்டு, துண்டால் மூடினேன். இந்த மீனைப் பார்த்தால் அம்மா நிச்சயம் எழுந்து உட்காருவாள். எழுந்து உட்கார்ந்தவள் ஊருக்குப் போகமாட்டாள். அந்த வயதில் அது எனக்கு மிகச் சரியான கணக்காகத் தோன்றியது.

அப்பா இறங்கி வந்தார். முகம் சரியில்லை. "கிளம்பலாம்மா" என்று மட்டும் சொல்லித் தூண்டிலை மடக்கினார். என் நனைந்த பாவாடையைக்கூடக் கவனிக்கவில்லை. வாளியை நானே தூக்கி, காலடியில் வைத்துக்கொண்டேன். வழியில் மீன் இரண்டு முறை வாலை அடித்தது. இரண்டு முறையும் நான் இருமினேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறை. தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, வாளியிலிருந்த ஏரித் தண்ணீரையும் மீனையும் ஊற்றினேன். வெள்ளைத் தொட்டியில் அது ரொம்பத் தனியாகத் தெரிந்தது. போய் அம்மாவைக் கூப்பிடத் திரும்பினால், அம்மாவே கதவருகில் நிற்கிறாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தொட்டிக்குள் எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"யாரு இது?"

"டெஞ்ச். நான் பிடிச்சேன். அப்பாவுக்குத் தெரியாது."

அம்மா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள். "கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?" என்றாள். "ராத்திரி தூங்குமா இது?" என்றாள். "இதுக்குக் கூட யாரும் இல்லையா?" என்றாள். மூன்று கேள்விகள். மூன்று வாரத்தில் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்விகள். எனக்கு எதற்குமே பதில் தெரியவில்லை. ஆனாலும் மூன்றுக்கும் நீளமாகப் பதில் சொன்னேன்.

பேச்சுக் குரல் கேட்டு அப்பா வந்தார். முதலில் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிறகு மீனைப் பார்த்தார். அந்த மலர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. உயிரோடு மீனை ஒரு நீர்நிலையிலிருந்து எடுத்துப்போவது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். எங்கள் நிரந்தர விசா விண்ணப்பமோ அப்போது யாரோ ஒரு அதிகாரியின் மேஜையில் கிடந்தது. பார்க்கிங் அபராதம் வந்தால்கூட அன்றே கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துகிறவர் அப்பா.

"ஃபைல்ல எழுதிருவாங்க" என்றார் மெல்ல, தொட்டியில் இருப்பதற்குத் தமிழ் தெரியும் என்பதுபோல.

ஃபிஜி மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. உயிரோடு இருந்தால்தான் குற்றம், செத்துப்போனால் அது வெறும் சாப்பாடு, தலையில் ஒரே அடி, முடிந்தது என்றார். சேற்று வாடை போகப் புளி நிறையச் சேர்க்கவேண்டும் என்றும் சொன்னார். அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மீன் விஷயத்தில் எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை அம்மாவுடையதுதான்.

"வேணாம்" என்றாள் அம்மா. "கொண்டுபோய் விட்டுரலாம். நானும் வர்றேன்."

நைட்டியின் மேலேயே நீளமான கோட்டை மாட்டிக்கொண்டாள். முன் சீட்டில் வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். வளைவுகளில் தண்ணீர் தளும்பிக் கோட்டு நனைந்தது. துடைக்கவில்லை. அப்பா ஓட்டிய வேகத்தில் அவ்வளவு வளைவுகளையும் நடந்தே கடந்திருக்கலாம்.

நாங்கள் போனபோது எட்டரை மணி. ஒளி இன்னும் இருந்தது. ஆனால் கேட்டைப் பூட்டும் ஆள் மஞ்சள் சட்டையோடு சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். ஒருமுறை எங்கள் மீன்பிடி லைசென்ஸைச் சோதித்தவரும் அவர்தான். அப்பா கண்ணாடியை இறக்கி, எதையோ மறந்து வைத்துவிட்டோம் என்று ஆரம்பித்தார். வாளிக்குள் மீன் பட்டென்று அடித்தது. அப்பாவின் ஆங்கிலம் பாதியில் நின்றது.

அம்மா குனிந்து, அப்பாவைத் தாண்டி, அந்த ஆளிடம் உள்ளதைச் சொன்னாள். என் மகள் இதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள், திரும்ப விட வந்திருக்கிறோம் என்றாள். அவ்வளவு தெளிவாக அம்மா பேசி நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அந்த ஆள் வாளியைப் பார்த்தார், நனைந்த கோட்டைப் பார்த்தார், அதற்குக் கீழே தெரிந்த நைட்டியையும் வீட்டுச் செருப்பையும் பார்த்தார். இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று என்னிடம் சொன்னார். பிறகு சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு விலகி நின்றார். அப்பா வண்டி எண்ணை அவர் குறித்துக்கொள்கிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை நகர்த்தினார். அவர் எதையும் குறிக்கவில்லை.

அம்மா செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். வாளியைச் சாய்த்து, மீனை இரு கைகளிலும் ஏந்தினாள். அது போகவில்லை. செவுள் மட்டும் அசைந்தது. செத்துவிட்டதா என்று கேட்டேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா கையை எடுக்காமல், அவசரப்படுத்தாமல், அப்படியே குனிந்து நின்றாள். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. எனக்குக் கொசு கடித்தது. பிறகு வால் ஒருமுறை திரும்பியது. பச்சை, பச்சைத் தண்ணீருக்குள் போய்விட்டது.

"போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு."

அதற்குப் பிறகும் அம்மா கைகளைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாள். அப்பா என் தோளை விட்டுவிட்டு, ஆபீஸ் ஷூவோடு தண்ணீரில் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் அழுதார்கள். ஒரு மீனுக்காகப் பெரியவர்கள் இப்படி அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதைவிட, பிடித்த என்னை யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்றும் இருந்தது.

அந்த வருடம் எனக்கு ஒரு தம்பி பிறந்திருக்கவேண்டும் என்பதையும், ஐந்தாம் மாதத்திலேயே அது இல்லாமல் போயிற்று என்பதையும் எனக்குப் பதினேழு வயதானபோதுதான் அம்மா என்னிடம் சொன்னாள். நான் இல்லாத வீட்டில் தினமும் இரண்டு மணி நேரமாவது வாய்விட்டு அழவேண்டும் என்று அவளேதான் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கத்தான் அப்பா மீன் பிடித்திருக்கிறார். அவர் எங்கே அழுதார் என்று நான் கேட்கவில்லை.

அன்று திரும்பும் வழியில் ஒரு சிப்ஸ் கடையில் வெளிச்சம் இருந்தது. அம்மா, "நிறுத்துங்க, பசிக்குது" என்றாள். அப்பா இறங்கி ஓடினார். காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காரிலேயே சாப்பிட்டோம். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி, மென்று விழுங்கினாள். நீளமான துண்டுகளாகப் பார்த்து அவளே எடுக்கிறாள் என்று எனக்குக் கோபம். அப்பா ஒன்றுகூட எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, அம்மாவின் கை பொட்டலத்துக்கும் வாய்க்கும் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துக்குக் காலையில் எழவேண்டும், எனக்குத் தூக்கம் வருகிறது, வண்டியை எடுங்கள் என்று பின் சீட்டிலிருந்து நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அப்பா, "இரு, இரு" என்றார். சாவியைத் தொடவே இல்லை.