மாமரத்து மஞ்சளும் மதிலுக்கு அந்தப்பக்கத்து மாடும்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டு வாசலில் மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். காதல் தோல்வியெல்லாம் இல்லை. சுண்ணாம்பு வாளியோடு வந்த பெயின்டரைத் தடுக்க வேறு வழி தெரியவில்லை!

திருவாரூரில் தோழி நஸ்ரினுக்குக் கல்யாணம். நம்ம பக்கம் கல்யாணம் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். அதோடு கை அடங்குமா? வாசலில் சிவனே என்று நிற்கிற மரங்களுக்கும் இடுப்பளவு சுண்ணாம்பு, மேலே ஒரு செங்காவிப் பட்டை. மரத்துக்கு வேட்டி கட்டிவிடுகிற மாதிரி. எதற்கு? கேட்டால், ‘நீட்டா இருக்கும்ல?’ அவ்வளவுதான்.

தென்னைகளுக்கு வேட்டி கட்டியாகிவிட்டது. அடுத்து மாமரம். அதன் பட்டையில்தான் பார்த்தேன். யாரோ மஞ்சள்தூள் டப்பாவைக் கைதவறிக் கொட்டியது போல... பளீர் மஞ்சள். லைக்கன்!

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீடு கொடுக்கும், பாசி வெயிலில் சமைக்கும். மாமியார் கிடையாது. அதனால் நன்றாகவே ஓடுகிறது.

நஸ்ரினின் அத்தா ஜாபர் மாமா வந்துவிட்டார். “ஏம்மா, மரத்துக்குப் படை வந்திருக்கு. அதுமேல சுண்ணாம்பு அடிக்காம உன் மேலயா அடிக்கச் சொல்ற?”

“மாமா, இது நோய் இல்ல. மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. பிரியாணிக்குக் கல்பாசி போடுறீங்கல்ல? அதோட சொந்தக்காரங்க.”

“அப்ப சுரண்டி சமையல் பண்டாரி கையில குடுத்துடவா?”

பதறிவிட்டேன். எங்கோ பாதி படித்ததை முழுசாக அள்ளிவிட்டேன். “சுத்தமான காத்து இருக்குற இடத்துலதான் மாமா இது வளரும்!”

மாமா நின்றுவிட்டார். காரணம் இருக்கிறது. மாப்பிள்ளை வீடு நாகூர். நிச்சயத்தன்று முழுக்க ‘எங்க ஊரு கடல் காத்து... கடல் காத்து...’ என்றே பேசி மாமாவை நொந்துபோக வைத்திருந்தார் சம்பந்தி. இப்போது மாமா கையில் பதிலடி, அதுவும் மஞ்சள் கலரில்.

“தம்பி, அந்த மரத்தை விட்டுடு!” என்றார் பெயின்டரிடம். கையோடு மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்து ஒரு சத்தம். “யோவ் கலியமூர்த்தி! உன் மாட்டை வித்துத் தொலையேன்யா! கல்யாண வீடு நாறுது!”

அந்தப்பக்கம் கொட்டகையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் குரல் மட்டும் வந்தது. “மாடு ஒண்ணும் பிரியாணிக்கு வரல பாய், கவலப்படாதீங்க!”

நான் போட்டோ எடுக்க உட்கார்ந்தேன். லைக்கன் ஆடாது, அசையாது, கண்ணை மூடாது. சுலபம்தானே? ஃபிளாஷ் போட்டால் ஆம்லெட். போடாவிட்டால் என் தலையின் நிழல். அளவு தெரிய ஒரு நெல்மணியைப் பக்கத்தில் ஒட்டவைத்தேன்... எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அடையாளம் சொல்லும் ஆப் முதலில் ‘காளான்’ என்றது. அப்புறம் ‘வண்ணத்துப்பூச்சி’. கடைசியில் என் விரலை ‘மண்புழு’ என்றது. வெறுத்துப்போய், எங்கள் லைக்கன் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் படங்களைப் போட்டுவிட்டு, மருதாணி வைக்கப் போனேன்.

கல்யாணத்தன்று மாமா சம்பந்தியை நேராக மரத்தடிக்குத்தான் கூட்டிப்போனார். “பாத்தீங்களா? லைக்கன். சுத்தமான காத்து இருந்தாத்தான் வரும்.”

சம்பந்தி குனிந்து பார்த்தார். தொட்டும் பார்த்தார். “எங்க ஊர்ல இப்படி ஒண்ணும் கண்ணுல படலையே...” அந்த வாக்கியத்தை மாமா ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்!

அந்த நேரம் பார்த்தா என் போன் அதிர வேண்டும்? குரூப்பில் இருக்கும் ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தாள். ‘கேண்டலேரியாங்குற வகை மாதிரி இருக்கு. படத்தை மட்டும் வச்சு உறுதியா சொல்ல முடியாது. ஆமா, பக்கத்துல மாட்டுக்கொட்டகை இருக்கா? சாணம், மூத்திரத்துலேர்ந்து வர்ற அமோனியான்னா இந்த டைப்புக்கு ரொம்ப இஷ்டம்.’

“இதை எங்க வீட்லயும் வளக்கலாமாம்மா? என்ன வேணும்?” சம்பந்தி என்னைத்தான் கேட்டார்.

மாமா கண்ணாலேயே ‘சொல்லும்மா, நல்லா ஏறச் சொல்லு’ என்றார். காற்று திரும்பியது. மதிலுக்கு அந்தப்பக்கத்து வாசனை கம்மென்று வந்தது.

“காத்துல... கொஞ்சம் சத்து வேணும் மாமா” என்றேன்.

சம்பந்தி மூக்கைச் சுருக்கினார். மாமா அவசரமாகப் பந்திக்குக் கூப்பிட்டார்.

விருந்து முடிந்த மறுநாள் மாமாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கவலையே வேறு. “சம்பந்தி மறுவீட்டுக்கு வர்றப்ப கூட்டாளிங்களையும் கூட்டியாந்து இதைக் காட்டப்போறாராம்மா!” என்றார். நேராக மதிலோரம் போனார்.

“கலியமூர்த்தி... அந்த மாட்டை வித்துகித்துத் தொலைச்சுடாதய்யா.”

“உங்க தொல்லை தாங்காம நேத்தே ஆளைப் பாத்துச் சொல்லிட்டேனே பாய்!”

இதை எழுதும் இந்த நிமிடம், ஜாபர் மாமா அந்த மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்.